கனடாவில் கடன் வசூல் ஏஜென்சியிலிருந்து தொடர்ந்து கோல் வந்தால் என்ன செய்வது?

கேட்டவர் ரொறன்ரோவில் இருக்கிறார். பழைய போன் பில் ஒன்றுக்காக ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கலெக்‌ஷன் ஏஜென்சியிலிருந்து அழைப்பு வருகிறதாம். "வேலையிடத்துக்கும் எடுப்போம்" என்றும் சொல்லிவிட்டார்களாம். எடுப்பதா, பிளாக் பண்ணுவதா என்பது கேள்வி.

எடுங்கள். ஒரேயொரு தடவை. ஆனால் பேனையும் கொப்பியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். ஏன் என்று சொல்வதற்கு முதல் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2016இல் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். இன்டர்நெட் கணக்கு என் பெயரில். வீடு மாறும்போது கணக்கை மூடி, மொடத்தைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஏழெட்டு மாதம் கழித்து, இரவு ஷிப்ட் முடித்து நித்திரையாகக் கிடந்த என்னைப் பெரியம்மா எழுப்பினா. குரல் நடுங்குகிறது.

"தம்பி, உன்னைத் தேடி ஆரோ ஆபீஸ்காரர் கோல் எடுத்தவை. கேஸ் எண்டு சொல்லுகினம். நம்பரும் தந்தவை. நீ என்னடா செய்தனி?"

பிறகுதான் விளங்கியது. கணக்குத் திறக்கும்போது அவசரத்துக்கு ஒரு இலக்கம் கேட்டார்கள், நான் பெரியம்மாவின் இலக்கத்தைக் கொடுத்திருந்தேன். ஏஜென்சிக்காரர் சொன்னது "கேஸ் நம்பர்". அது அவர்களுடைய கோப்பு இலக்கம், வேறொன்றுமில்லை. ஆனால் பெரியம்மா போன்ற ஒருவருக்குக் கேஸ் என்றால் பொலிஸ், பொலிஸ் என்றால் அதற்குப் பிறகு வருகிற எல்லாம். அன்று முழுக்க அவ சாப்பிடவில்லை.

அவர்கள் கையில் இருக்கும் பெரிய சாமான் எங்கள் வெட்கம்தான். ஊரில் சீட்டுக்காசு கட்டாதவன் வீட்டுப் படலையில் வந்து நின்று இரண்டு சத்தம் போட்டால் போதும், அக்கம்பக்கம் கேட்டுவிடுமே என்று காதில் கிடக்கிற தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே படலை இல்லை, போன் இருக்கிறது. உங்களுக்கு வேலையிடத்தைச் சொல்லி வெருட்டியதும் அதே வேலைதான்.

ஆனால் ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது, அது கடன் வாங்கியவன் பக்கமும் கொஞ்சம் பார்க்கிற சட்டம். உறவினர், அயலவர், நண்பர் யாருக்கு எடுத்தாலும் உங்கள் விலாசத்தையோ போன் இலக்கத்தையோ மட்டும்தான் கேட்கலாம். அவர் உங்களுக்குப் பிணை நின்றவர் என்றால் வேறு கதை. பெரியம்மாவிடம் "கேஸ்" என்று வாய் திறந்ததே பிழை. முதலாளிக்கு ஒரு தடவை எடுக்கலாம்: நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்களா, என்ன பதவி, வேலையிடத்து விலாசம் என்ன என்று உறுதிப்படுத்துவதற்கு மட்டும். எவ்வளவு கடன் என்று சுப்பர்வைசரிடம் கதை அளக்க முடியாது. எடுக்கும் நேரமும் கணக்குத்தான்: திங்கள் முதல் சனி வரை காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை, ஞாயிறு பின்னேரம் 1 முதல் 5 வரை, அரச விடுமுறை நாட்களில் எடுக்கவே கூடாது. அல்பேர்ட்டாவில் இரவு 10 வரை விட்டிருக்கிறார்கள். வேறு மாகாணத்தில் இருந்தால் அந்த மாகாணத்து விதியைப் பாருங்கள்.

இனி, ஏன் ஒரு தடவை எடுக்கச் சொன்னேன் என்பது. உங்களோடு முதல்முறை கதைத்த பிறகு, உங்கள் சம்மதம் இல்லாமல் 7 நாளில் 3 தடவைக்கு மேல் தொடர்புகொள்ளக் கூடாது என்பது விதி. நீங்கள் எடுக்காமலே விட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு ஓடத் தொடங்காது. அதோடு, கோல் எடுக்க முன்னரே அவர்கள் உங்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். யாருக்குக் கடன், எவ்வளவு, தாங்கள் யார் என்று எழுதிய கடிதம். அனுப்பி 6 நாள் போன பிறகுதான் போன். வீடு மாறியவர்களுக்கு அந்தக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும், எனக்கும் அப்படித்தான். கடிதம் கிடைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் கொடுக்கிற விலாசத்துக்கு மறுபடி அனுப்பி, மறுபடி 6 நாள் பொறுக்க வேண்டும்.

பெரியம்மா தந்த இலக்கத்துக்கு எடுத்து நான் அன்று கேட்டவை இவ்வளவுதான். உங்கள் பெயர் என்ன, ஏஜென்சியின் பெயர் என்ன, கோப்பு இலக்கம் என்ன, யாருக்கு நான் கடன், எவ்வளவு, எப்போதிருந்து. பதிலை எழுதிக்கொண்டேன். மற்றப் பக்கத்தில் இருந்த பெண் நல்லாகத்தான் கதைத்தா. "இன்றைக்கே கிரெடிட் கார்ட் இலக்கத்தைத் தந்தால் இத்தோடு முடித்துவிடலாம்" என்றா. தொகை 412 டொலராம். "எனக்குக் கடிதம் அனுப்புங்கள், பார்த்துவிட்டுக் கதைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவ "உங்களுக்குக் கட்ட விருப்பமில்லையா?" என்று கேட்டா. அது ஒரு பழைய தூண்டில். ஓம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். "கடிதம் அனுப்புங்கள்" என்பதையே மூன்று தடவை சொல்லலாம், அதில் ஒரு பிழையும் இல்லை. கதைப்பதை உங்கள் போனிலேயே பதிவு செய்யலாம். கனடாவில் உரையாடலில் இருக்கும் ஒருவர் சம்மதித்தால் போதும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம்.

சின் நம்பர் (அரசு தரும் சமூகக் காப்புறுதி இலக்கம்), பிறந்த தேதி, பாங்க் கணக்கு எதையும் கொடுக்க வேண்டாம். கட்டுவதென்று தீர்மானித்த பிறகும் வொய்ட் செக் (VOID என்று எழுதிய, உங்கள் கணக்கு விவரம் உள்ள காசோலை) கொடுத்து மாதாமாதம் அவர்களே எடுக்கும்படி விட வேண்டாம். இடையில் ஒரு முக்கியமான விஷயம்: வசூல்காரர் வேடத்தில் கள்ளரும் இருக்கிறார்கள். கிஃப்ட் கார்டில் கட்டு, பிட்கொயினில் கட்டு, இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் பொலிஸ் வரும் என்றால் உடனே வைத்துவிடுங்கள். பில் கட்டாததற்காகக் கனடாவில் யாரையும் சிறையில் போடுவதில்லை. ஏஜென்சிக்கு மாகாண அனுமதி இருக்கிறதா என்று ஒன்ராறியோ அரசின் நுகர்வோர் பாதுகாப்புத் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பிஆர் (நிரந்தர வதிவுரிமை) போய்விடும் என்று வெருட்டினாலும் நம்பாதீர்கள். போன் பில்லுக்கும் பிஆருக்கும் சம்பந்தமில்லை. திவாலாகி அதிலிருந்து இன்னும் விடுபடாதவர் குடும்பத்தை ஸ்பொன்சர் பண்ண முடியாது என்பது உண்மை. ஆனால் அது வேறு விஷயம்.

எனக்குக் கடிதம் வந்தது. அதில் இருந்த தொகை 286 டொலர். போனில் 412, பேப்பரில் 286! இடையில் இருந்த 126 டொலர் என்னவென்று திருப்பிக் கேட்டால் "நிர்வாகச் செலவு" என்கிறார்கள். ஒன்ராறியோவில் ஏஜென்சி தன் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது, திரும்பிய செக்குக்கான கட்டணம் போன்ற ஒன்றிரண்டைத் தவிர. இதனால்தான் கடிதம் கடிதம் என்று அடித்துக்கொள்கிறேன். போனில் வாயில் வந்ததைச் சொல்வார்கள், கையெழுத்துப் போட்டு அனுப்பும்போது கணக்குச் சுருங்கிவிடும்.

286இல் 190 மொடத்துக்கு. மிச்சம் 96 கடைசி மாத பில், அது எனக்கு வந்ததே தெரியாது. மொடம் கொடுத்ததற்கான ரசீது என்னிடம் இல்லை. அறையில் இருந்த சிவா (உண்மைப் பெயர் அதல்ல) ஒரு விசித்திரமான ஆள், பார்க்கிங் டிக்கட் முதல் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை பில் வரை எல்லாவற்றையும் படம் எடுத்து வைப்பான். நாங்கள் பகிடி பண்ணுவோம். அவனுடைய பழைய போனில் தேடி, மேசையில் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் மடிந்து கிடந்த அந்த ரசீதின் படத்தைக் கண்டுபிடித்தோம். தேதி, மொடத்தின் சீரியல் இலக்கம் எல்லாம் தெளிவாக இருந்தது.

அதை அச்செடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபாலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இங்கே பல தபாலகம் ஷொப்பர்ஸ் மருந்துக்கடைக்குள்தான் இருக்கிறது. அப்போது செலவு பத்து டொலர் அளவில், ஆனால் கிடைத்ததற்குக் கையெழுத்து இருக்கும். கடிதத்தில் எழுதியது: மொடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது, 190 டொலரை நான் ஏற்கவில்லை, மிச்சம் 96க்கு விளக்கமான பில் அனுப்புங்கள், அதற்குப் பிறகு கட்டுகிறேன், இனிமேல் எதுவும் எழுத்தில் வரட்டும்.

இதைவிடக் கடுமையான வழியும் இருக்கிறது. "இந்தக் கடனை நான் மறுக்கிறேன், வேண்டுமென்றால் கோர்ட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று பதிவுத் தபாலில் எழுதினால், அதன் பிறகு ஏஜென்சி உங்களோடு தொடர்பே வைக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு வக்கீலோ பாராலீகலோ (வக்கீல் அல்லாத, ஆனால் அனுமதி பெற்ற சட்டப் பணியாளர்) இருந்தால், அவரோடு மட்டும் கதையுங்கள் என்று எழுதினாலும் அப்படித்தான். ஆனால் யோசித்துச் செய்யுங்கள். 286 டொலருக்கு யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். 20,000 டொலர் கிரெடிட் கார்ட் கடனுக்கு இப்படி எழுதினால், "சரி" என்று உண்மையிலேயே போய்விடுவார்கள்.

கோர்ட் என்றதும் ஒன்று. கோலை எடுக்காமல் விடலாம், கோர்ட் பேப்பர் வந்தால் விடவே கூடாது. சின்னத் தொகை வழக்குகளைக் கேட்கிற ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டிலிருந்து வந்த உரிமைக்கோரலுக்கு 20 நாளுக்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பு கையில் இருந்தால்தான் கடன் கொடுத்த சாதாரண ஆள் உங்கள் சம்பளத்தில் கை வைக்கலாம், அதுவும் பொதுவாகக் கையில் வருகிற சம்பளத்தில் 20 வீதம் வரைதான். வருமான வரித் திணைக்களத்துக்குக் கோர்ட் தேவையில்லை, நேரே எடுக்கும். கடன் வைத்திருக்கிற பாங்கிலேயே சம்பளமும் விழுகிறது என்றால் வேறு பாங்குக்கு மாற்றுங்கள், உங்கள் கணக்கிலிருந்தே கழித்துக்கொள்ளும் உரிமை பாங்குக்கு உண்டு. பாங்க் தானே நேரில் எடுக்கிற கோல்களுக்கு மேலே சொன்ன மாகாண விதிகளும் பொருந்தாது, அது மத்திய அரசின் சட்டம்.

உங்கள் பில் எவ்வளவு பழையது என்று சொல்லவில்லை. அது முக்கியம். ஒன்ராறியோவில் வழக்குப் போட 2 வருடம்தான் கெடு. அந்த 2 வருடத்துக்குள் நீங்கள் 10 டொலர் கட்டினாலும், "ஓம், இது என் கடன்தான்" என்று எழுதிக் கொடுத்தாலும் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "நல்லெண்ணத்துக்கு ஒரு சின்னத் தொகை மட்டும் கட்டுங்கள்" என்று கெஞ்சுவதன் சூட்சுமம் அதுதான். கெடு தாண்டிய கடனையும் அவர்கள் கேட்கலாம், வழக்குக்கூடப் போடலாம். ஆனால் நீங்கள் கோர்ட்டில் வந்து கெடு தாண்டிவிட்டது என்று சொன்னால் நிற்காது. வந்து சொல்ல வேண்டும், அதுதான் நிபந்தனை. வரி, அரசின் மாணவர் கடன் போன்றவற்றுக்கு இந்த 2 வருடக் கதை இல்லை. கியூபெக்கில் 3 வருடம்.

கிரெடிட் ரிப்போர்ட் வேறு கடிகாரம். உங்கள் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கிற ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்களிலும் வசூலுக்குப் போன கணக்கு சுமார் 6 வருடம் கிடக்கும். கட்டினாலும் மறையாது, "கட்டப்பட்டது" என்று மாறும். இரண்டு ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம், பிழை இருந்தால் ஆட்சேபிக்கலாம்.

கடன் ஒன்றல்ல, நாலைந்து கார்டு என்று இருந்தால் இந்தக் கடிதப் போக்குவரத்தில் காலம் கழிக்க வேண்டாம். அனுமதி பெற்ற இன்சோல்வன்சி டிரஸ்டி (கடன் கட்ட முடியாதவர்களின் விஷயத்தைக் கையாளுகிறவர்) ஒருவரிடம் நேரே போங்கள், முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. வீட்டு மோட்கேஜ் தவிர்த்து 250,000 டொலர் வரையான கடனுக்குக் கன்ஸ்யூமர் புரொபோசல் (கடனில் ஒரு பகுதியை அல்லது தவணையில் கட்டுகிறேன் என்று கடன் கொடுத்தவர்களிடம் வைக்கும் சட்டபூர்வத் திட்டம்) போடலாம், கூடியது 5 வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். அது பதிவான நாளிலிருந்து கோலும் நிற்கும், சம்பளத்தில் வெட்டுவதும் நிற்கும். எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் "கடன் தொல்லையா?" என்று முழுப்பக்க விளம்பரம் போடுகிற இடைத்தரகர்களில் சிலர் உங்களிடம் ஆயிரம், இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு அதே டிரஸ்டியிடம்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தக் காசு அநியாயம்.

என் விஷயம் மூன்று கிழமையில் முடிந்தது. 190 நீக்கப்பட்டு 96 டொலருக்கு பில் வந்தது. கட்டினால் கணக்கு மூடப்படும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கட்டினேன். பிறகு ஒரு கோலும் இல்லை. 2018இல் கார் லீஸ் எடுக்கப் போனபோது விற்பனைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு "இதென்ன 96 டொலர்?" என்று கேட்டார். ரசீதின் படத்தைக் காட்டினேன், சிரித்துவிட்டு விட்டார். வட்டி மட்டும் அரை வீதம் கூட.

பெரியம்மா இப்போதும் தெரியாத இலக்கத்திலிருந்து கோல் வந்தால் எடுப்பதில்லை. போன கிழமை கண் டொக்டரின் ஒபிசிலிருந்து மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். அவ எனக்கு எடுத்து, "தம்பி, நீ இன்னும் ஏதும் கட்டக் கிடக்கோ?" என்று கேட்டா.