கேளுங்கள், சொல்கிறேன்

ஒரு வாசகி, தேனி: நடிகர் விவேக் தடுப்பூசியால்தான் இறந்தார் என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். உண்மை என்ன?

ஊசியால் இல்லை. 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் காலை வீட்டில் மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி விடிகாலையில் போய்விட்டார். இதயத்தின் இடப்பக்க முக்கிய ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருந்ததாக மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். அந்த அக்டோபரில் மத்திய அரசின் ஆய்வுக் குழுவும், ரத்தக் கொதிப்போடு தொடர்புள்ள மாரடைப்பு இது, தடுப்பூசிக்குச் சம்பந்தமில்லை என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை எத்தனை பேர் படித்தார்கள்? மருத்துவமனை வாசலில் நடிகர் மன்சூர் அலிகான் தடுப்பூசியைக் குறைசொல்லி ஆவேசமாகப் பேசியதுதான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பேச்சுக்காகப் போட்ட வழக்கில் அவருக்கு முன்ஜாமீன் கொடுத்த உயர் நீதிமன்றம், தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது.

மக்களுக்குப் பயம் போகட்டும் என்றுதான் விவேக் காமிரா முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். அவர் சாவை வைத்தே அந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. சர்க்கரை நோயுள்ள என் அண்ணி, அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊசியே வேண்டாம் என்று அடம்பிடித்தார். பேசிப் பேசித்தான் அழைத்துப் போனோம்.

ஒரு வாசகர், கோவை: ஸ்ரீதேவி மரணத்தில் மர்மம் உண்டா?

2018 பிப்ரவரி 24, துபாய் ஓட்டல் குளியல் தொட்டியில் தவறுதலாக மூழ்கி இறந்தார். துபாய் அரசு வழக்கறிஞர் அலுவலகம் மூன்றே நாளில் வழக்கை முடித்து உடலை ஒப்படைத்தது. அதற்குள் இங்கே ஒரு டிவி நிருபர் தொட்டிக்குள் படுத்துக் காட்டினார். அம்மாவைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள் அதைப் பார்க்க நேர்ந்திருக்குமே என்று அந்த ஸ்டுடியோவில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

ஒரு வாசகர், கும்பகோணம்: லட்சுமிகாந்தன் கொலையில் பாகவதர் குற்றவாளியா? விடுதலைக்குப் பிறகும் அவரால் ஏன் எழ முடியவில்லை?

இல்லை. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் பாடக நடிகர் எம்.கே.தியாகராஜ பாகவதரையும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது.

'சினிமா தூது', அப்புறம் 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று எழுதியே பணம் பறித்தவர் லட்சுமிகாந்தன். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போனவரைக் கத்தியால் குத்தினார்கள்; மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். பிராட்வே தியேட்டரில் பாகவதரின் 'ஹரிதாஸ்' அமோகமாக ஓடிக்கொண்டிருந்த நேரம். இந்தக் கொலை வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். ஜூரிகளில் பெரும்பான்மையோர் குற்றவாளி என்றார்கள், இருவருக்கும் ஆயுள் தண்டனை. சென்னையில் அப்பீலும் தள்ளுபடி. கிருஷ்ணனின் மனைவி, நடிகை டி.ஏ.மதுரம் மனம் தளராமல் அலைந்தார். கடைசியில், அப்போது நமக்கு உச்ச அப்பீல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த்தான் வழக்கு மறுபடி சென்னைக்குத் திரும்பி வந்தது.

சிறைதான் பாகவதரை முடித்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதை முழுசாக ஏற்கவில்லை. அதே சிறையிலிருந்து வந்த கிருஷ்ணன் 1949இல் 'நல்லதம்பி' எடுத்தாரே! பாகவதரின் 'ராஜமுக்தி' 1948இல் தோற்றது. அதற்கு அடுத்த வருடம் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி'. ஜனங்கள் வசனம் கேட்கத் தியேட்டருக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டாலேயே படத்தைத் தூக்கி நிறுத்தியவருக்கு அங்கே இடம் குறுகிவிட்டது. கைதாகாமல் இருந்திருந்தாலும் அந்த மாற்றம் வந்திருக்கும். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்தவருக்குப் புதுப் பாணிக்கு மாறிக்கொள்ள அவகாசமே கிடைக்கவில்லை. 1959 நவம்பர் 1 அன்று இறந்தபோது வயது 49.

லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. அதற்காக, நீதிமன்றமே விடுவித்தவர்மேல் இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பழியைச் சுமத்துவது அநியாயம்.