ஓடுபாதையும் ஓடையும்

ஐயாவுக்கு வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் ஓமலூர் பக்கம், வேலை பெங்களூரில். அப்பா மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டில் நிலக்கடலையும் சோளமும் போடுகிறார். சேலம் விமான நிலைய விரிவாக்கத்துக்கு எடுக்கும் நிலத்தில் எங்கள் காடு வராது. ஆனால் அதற்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறது. "அத்தனை ஏக்கரையும் மூடிட்டா அந்தத் தண்ணி பூரா நம்ம காட்டுக்குத்தான் வரும்" என்கிறார் அப்பா. சிவில் படித்த என் மச்சான், "வடிகால் இல்லாமலா ஏர்போர்ட் கட்டுவாங்க மாமா?" என்று சிரிக்கிறார். போன மாதம் ஒரு காதுகுத்தில் இதுவே சண்டையாகிவிட்டது. நீங்கள் ஏரிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறீர்கள். யார் சொல்வது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காதுகுத்தில் சண்டை வராவிட்டால்தான் ஆச்சரியம். மச்சான் சொல்வதை முதலில் பார்த்துவிடுவோம், அது சுலபம்.

வடிகால் இல்லாமல் கட்டமாட்டார்கள்தான். ஓடுபாதையில் 3 மி.மீ.க்கு மேல் தண்ணீர் நின்றாலே விமானிக்கு அறிவிக்க வேண்டும். சக்கரம் தரையில் பிடிக்காமல் நீரின்மேல் வழுக்கிப் போகும். அதனால் நடுவில் மேடாக்கி, இருபுறமும் நூற்றுக்கு ஒன்றரை அளவுக்கு வாட்டம் கொடுப்பார்கள். ஓரத்தை ஒட்டித் திறந்த வாய்க்காலும் வெட்ட முடியாது, விமானம் விலகி ஓடினால் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். தள்ளியோ பூமிக்கடியிலோதான் கொண்டுபோக வேண்டும்.

சரி, கொண்டுபோய்க் குளத்தில் தேக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். தண்ணீர் நின்றால் கொக்கும் மடையானும் வரும், விமானத்துக்கு அவை எமன். மழை ஓய்ந்து 48 மணி நேரத்துக்குள் குளம் காலியாகிவிட வேண்டும் என்பது அமெரிக்க விமானத் துறையின் அறிவுரை. நம் தாத்தாக்கள் மாசி வரைக்கும் ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று சாமி கும்பிட்டார்கள். விமான நிலையத்துக்கோ அது நாளை மறுநாளே போய்விட வேண்டும்.

இனி அப்பாவின் கணக்கு. காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி என்று நான்கு ஊர்களில் சுமார் 570 ஏக்கர் பற்றிப் பேச்சு வந்ததும், 2018இல் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியதும் உங்களுக்குத் தெரியும். அவ்வளவு நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் 23 கோடி லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பிடித்தால் பத்தொன்பதாயிரம் லாரி. பயந்துவிடாதீர்கள், இதே மழை இன்றைக்கும் அங்கேதான் பெய்கிறது. விமான நிலையத்தில் பெரும்பகுதி புல்தரையாகவே இருக்கும், அத்தனையும் சிமெண்ட் ஆகாது. மாறப்போவது தண்ணீரின் அளவைவிட அதன் வேகம். உழுத காட்டில் வரப்புக்கு வரப்பு நின்று, செம்மண்ணில் ஊறி, மிச்சம் மெதுவாக நகரும். தார் போட்ட தரையில் அது சில நிமிடங்களில் ஓடி ஒரே வாயில் வெளியே விழும். அந்த வாய் எங்கே என்பதை அப்பா கேட்க வேண்டும்.

ஆனால் இரண்டு பேருமே பேசாத ஒன்று இருக்கிறது. உள்ளே பெய்யும் மழையைவிட எனக்குப் பயம், மேலேயிருந்து வந்து மதிலில் முட்டும் தண்ணீர்தான்.

இருபது வருடத்துக்கு முன் சேலம் அம்மாபேட்டையில் நான் வாடகைக்கு இருந்த தெருவை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் வந்தது. உள்ளே வடிகால் அருமையாகப் போட்டிருந்தார்கள். சுற்றுச்சுவர் மட்டும் ஒரு பழைய வாரியின், அதாவது மழைநீர் ஓடும் பள்ளத்தின், குறுக்கே போனது. வருடம் முழுக்கக் காய்ந்து கிடந்த வாரி, யார் கண்ணிலும் படவில்லை. முதல் ஐப்பசி மழையில் ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் கட்டிலுக்கடியில் செருப்பு மிதந்தது. மண்டபத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது.

விமான நிலையத்தின் மதில் பல கிலோமீட்டர் நீளம். அதற்கு மேலே சேர்வராயன் மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் சட்டென்று இறங்குகிறது. அங்கே பிறக்கும் சரபங்காவே ஓமலூர், இடைப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது மலைக்கு அந்தப் பக்கம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அதுபோல இங்கே ஒரு நாள் கொட்டாது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

மற்ற ஊர்களும் பட்டிருக்கின்றன. கொச்சி விமான நிலையத்தை நெல்வயல் மீது கட்டினார்கள். பெரியாறு பெருகிய 2018இல் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. சென்னையில் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றுக்கு மேல் பாலமாகவே போகிறது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வேலை செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் எழுதியிருக்கும் அ-பதிவேட்டில் எந்தெந்த சர்வே எண் 'ஓடை' என்று இருக்கிறது என்று பாருங்கள், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தின் நகலும் வாங்குங்கள். அதில் வராத வாரிகளும் உண்டு. மழை எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் இறங்கும் என்பது அப்பாவுக்குத்தான் தெரியும், அவர் மண்வெட்டியோடு எத்தனை ராத்திரி நின்றிருப்பார். அடுத்த மழையில் அவரோடு நடந்து, தண்ணீர் குறுக்கே போகும் ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து, அகலம் அளந்து குறியுங்கள். அந்த இடங்களில் மதிலுக்கடியில் தண்ணீர் போக எத்தனை அடி அகலத்துக்குத் திறப்பு வைக்கிறீர்கள், வருடா வருடம் யார் தூர் வாருவார்கள் என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். கூட்டம் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுங்கள்.

மச்சானையும் கூட்டிப் போங்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்.