அப்பாவுக்கு வாய்ப்புற்று என்று தெரிந்த பிறகும் வெற்றிலை, புகையிலையை விட மறுக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிப்பது?

அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்று என்று சதைப் பரிசோதனையில் வந்துவிட்டது, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு கதிர்வீச்சு என்று சொல்லியிருக்கிறார்கள், இன்னமும் ஒளித்து வைத்துப் போடுகிறார், அம்மா ஒரு பக்கம் அழுகிறார், அண்ணன் ஒரு பக்கம் கத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கத்தலை நிறுத்தச் சொல்லுங்கள். நோய் வந்தவரை நடுவில் உட்கார வைத்துப் பஞ்சாயத்து பண்ணினால் அவர் பழக்கத்தை விடமாட்டார், மறைக்கத்தான் பழகுவார். இன்றைக்கு வெற்றிலையை மறைப்பவர் நாளைக்கு வலியை மறைப்பார், எச்சிலில் ரத்தம் வந்ததை மறைப்பார். அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

நான் டாக்டர் இல்லை. இதே வாய்ப்புற்று வந்த மாமனாரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட மருமகள். பர்மாவில், யாங்கூனுக்கு ஆற்றுக்கு அக்கரையில், எங்கள் பெரியவர்கள் இன்னமும் சிரியம் என்றே சொல்லும் தன்லியினில் இருக்கிறோம். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் வீட்டுச் சோறே வெற்றிலைக் கடையிலிருந்துதான் வந்தது. அத்தை நடத்திய கடை.

வெற்றிலை மடிப்பை இங்கே கூன்யா என்பார்கள். அது போடாத தெரு கிடையாது. 2014-ல் எடுத்த தேசிய ஆய்வில் ஆண்களில் நூற்றுக்கு 62 பேர், பெண்களில் 24 பேர் புகைக்காத புகையிலை பயன்படுத்துவதாக வந்தது. அதில் பெரும்பங்கு கூன்யாதான். மரப்பெட்டி, ஒரு குடை, இரண்டு டப்பா இருந்தால் கடை ரெடி. அத்தை பத்து வெற்றிலையை வரிசையாகப் பரப்புவார். சுண்ணாம்புத் தண்ணீரைச் சின்ன பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் எல்லாவற்றிலும் தடவி, பாக்குச் சீவல், காசுக்கட்டி, கேட்டவருக்குக் கிராம்பு, ஏலக்காய், கடைசியில் புகையிலை. மடித்து பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைச் சுழற்றி நீட்டிவிடுவார். டாக்ஸிக்காரர்கள் இன்ஜினை அணைக்காமலே வாங்கிக்கொண்டு போவார்கள். 2016-ல் அரசாங்க ஆபீசுகளுக்குள் கூன்யா கூடாது என்று தடை போட்டார்கள். தெருவில் ஒன்றும் மாறவில்லை.

மாமா மறைத்ததை நான் கண்டுபிடித்தது காரத்தில். பச்சை மிளகாயைத் தனியாகக் கடித்துக்கொண்டு சாப்பிடுகிற மனிதர், ரசத்தில் மிளகு போடாதே அம்மா என்றார். அப்புறம் இட்லியை நசுக்கிச் சாப்பிட்டார். கொட்டாவி விடும்போதும் வாய் பாதிதான் திறந்தது. காரம் பட்டால் எரிவதும் வாய் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதும் பாக்கு போடுபவர்களுக்கு வரும் ஒரு தனி நோயின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. கன்னத்துச் சதைக்குள் நார் படிந்து தோல் பட்டையாகிவிடும், புற்றுக்கு முந்தைய நிலை அது. சாதாரணமாக நம் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கினால் வாய்க்குள் போக வேண்டும், மாமாவுக்கு ஒன்றரை விரல் போனதே பெரிசு. பக்கத்து கிளினிக்கில் வைட்டமின் மாத்திரையும் தடவுகிற ஜெல்லும் மாற்றி மாற்றிக் கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை, வெள்ளையாகவோ சிவப்பாகவோ படிந்து துடைத்தாலும் போகாத திட்டை, சதை எடுத்துப் பார்க்காமல் விடக்கூடாது. உங்கள் வீட்டில் இன்னும் யாராவது போடுகிறார்களா? இன்றைக்கே டார்ச் அடித்து அவர்கள் வாயைப் பாருங்கள்.

இப்போது விட மறுப்பதைப் பற்றி. இது வெறும் பிடிவாதம் இல்லை. புகையிலையில் நிக்கோட்டின் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பாக்கிலும் அரிக்கோலின் என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் மனிதனைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. சுண்ணாம்பு சேரும்போது இரண்டும் ரத்தத்தில் சீக்கிரம் ஏறும். விட்டால் எரிச்சல், தலைவலி, தூக்கமில்லாமை, எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் வரும். அது தெரியாமல் நாம் 'உயிரை விட வெற்றிலை பெரிசா' என்று கேட்டுவிடுகிறோம்.

எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சமரசத்துக்கு வந்தார். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு வெற்றிலை போடட்டுமே, அது சாமிக்கு வைக்கிற பொருள்தானே என்றார். இதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்றும், பாக்கே அப்படிப்பட்டதுதான் என்றும் 2004-ல் வெளியிட்ட தொகுதியிலேயே சொல்லிவிட்டது. பாக்கெட்டில் வரும் இனிப்புப் பாக்கும் அதே கணக்குதான். ஆபரேஷன் முடிந்தும் தொடர்ந்தால் காயம் ஆறுவது தள்ளிப்போகும், அதே வாயில் வேறு இடத்தில் புதிதாகவும் கிளம்பலாம்.

மாமா விட்டது எங்கள் சாமர்த்தியத்தால் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வாயில் எதையும் வைக்க முடியாத நாட்கள் வரும். மூக்கு வழியாகக் குழாயில்தான் சாப்பாடு. உடம்பு கேட்டு ஓய்கிற காலம் பெரும்பாலும் அதற்குள் கழிந்துவிடும். வீட்டிலிருப்பவர்கள் அந்த இடைவெளியைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அவர் திரும்பி வருவதற்குள் வெற்றிலைப் பெட்டி, சுண்ணாம்பு டப்பா, துப்புகிற டின், சட்டைப் பையில் கிடக்கும் தூள் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள். கூடப் போடுகிற நண்பர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், போன் வேண்டாம். மாமாவின் டீக்கடைக் கூட்டாளி ஒருவர், அவரைப் பார்க்க வரும்போது வாசலிலேயே வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்கள் பேச்சு எல்லாவற்றையும் விட அதற்குத்தான் மாமா மரியாதை கொடுத்தார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. நிக்கோட்டின் பட்டை ஒட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாயில் புண் இருப்பவருக்கு மெல்லுகிற நிக்கோட்டின் கம் ஒத்துவராது.

கடை விஷயத்தில் உறவுக்காரர்கள் அத்தையை விட்டுவைக்கவில்லை. 'நீயே மடிச்சுக் கொடுத்தியே' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே ஒருத்தி கேட்டாள். அத்தை பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி என்னிடம், "ஊருக்கே மடிச்சுக் கொடுத்தேன், இவருக்கு மட்டும் எப்படிம்மா கொடுக்காம இருப்பேன்" என்றார். என் கணவர் அதே பெட்டியில் வெற்றிலைக்குப் பதிலாகக் காபிமிக்ஸ் பாக்கெட்டும் போன் கார்டும் வைத்தார். வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. இதைப் பெரிய தியாகமாகச் சொல்ல வரவில்லை. கடையை மூட வழியில்லாத குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கின்றன, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மடிக்கிற பொருளாவது நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். கதிர்வீச்சு உண்டென்றால் அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். கெட்ட பற்களைப் பிடுங்குவதானால் முன்கூட்டியே பிடுங்கி, புண் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் விட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் அழுகும் அபாயம் இருக்கிறது. இது ஆயுசுக்கும் பொருந்தும். பல வருடம் கழித்துப் பல்வலி என்று போனாலும் கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

கதிர்வீச்சு பொதுவாக வாரத்தில் ஐந்து நாள், ஆறேழு வாரம். இங்கே அந்த வசதி யாங்கூன், மண்டலே மாதிரி சில ஊர்களில்தான் உண்டு. பாலத்தைத் தாண்டிப் போய் வந்த எங்களுக்கே நாக்கு தள்ளியது. தூரத்து ஊரான மோல்மேன் பக்கத்திலிருந்து வந்தவர்கள் யார் வீட்டுத் திண்ணையிலாவது தங்கித்தான் முடித்தார்கள். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் வெந்துபோகும். எச்சில் நூல்நூலாக இழுக்கும், பிறகு வற்றும். ருசி போய்விடும். சாப்பாட்டை மண் மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், சமையல் மேல் குறையில்லை. ருசி மெதுவாக, மாதக்கணக்கில் திரும்பும். ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து நாளுக்குப் பலமுறை கொப்பளிக்க வையுங்கள். கடையில் விற்கும் ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். 'தாங்க முடியாவிட்டால் பார்க்கலாம்' என்று தள்ளினால் சாப்பிடுகிற நேரத்தில் வலி ஏறி, அந்த வேளைச் சாப்பாடு போய்விடும். எடை இறங்குவதுதான் இந்தக் காலத்தில் பெரிய எதிரி.

குழாயில் கொடுக்கும்போது தலையை நன்றாக உயர்த்தி உட்கார வைக்க வேண்டும், கொடுத்த பிறகும் ஒரு மணி நேரம் படுக்க விடக்கூடாது. கொடுத்து முடித்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். எங்களுக்குத் தொல்லை கொடுத்தது கரண்ட். இங்கே எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, மிக்ஸியை நம்பினால் பட்டினிதான். கஞ்சியைக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, மெல்லிய துணியில் வடிகட்டினேன். குழாய் எடுத்த பிறகு கைகொடுத்தது ஷான்காரர்களின் தோபு. கடலைமாவைக் கரைத்துக் கிண்டுவது, கெட்டியாவதற்கு முன்னால் கூழ் பதத்தில் மஞ்சளாக, வழவழவென்று இருக்கும். மிளகாய் எண்ணெயை மட்டும் தவிர்த்து, வெதுவெதுப்பாகக் கொடுத்தால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும், பருப்புச் சத்தும் ஆயிற்று. உங்கள் ஊரில் கடலைமாவு இருக்கும்தானே, செய்து பாருங்கள். முட்டையை அரைவேக்காடாகக் கொடுக்காதீர்கள், முழுக்க வேகவைத்துக் கடைந்து சேருங்கள்.

வாய் திறக்கும் பயிற்சியைப் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருப்பது, பழகியதும் இன்னொரு குச்சியை நடுவில் செருகுவது. எப்போது ஆரம்பிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுத் தொடங்கி, தினமும் நாலைந்து தடவை செய்ய வேண்டும். வலிக்கும், திட்டுவார்கள். மாமா என் பையனைக் கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொண்டார். குச்சி ஏறினால் அவனுக்கு மிட்டாய். நான் சொன்னால் முறைப்பவர் பேரன் சொன்னால் வாயைத் திறப்பார்.

முகம் மாறும், அதற்கு வீட்டார் முன்கூட்டியே தயாராக இருப்பது நல்லது. மாமாவுக்கு நெஞ்சிலிருந்து சதையை எடுத்துக் கன்னத்தில் வைத்தார்கள். நெஞ்சு முடி கன்னத்துக்குள் முளைத்தது! கதிர்வீச்சில் அது உதிர்ந்தது. பேச்சு இன்னமும் குழறல்தான். போனில் பேசினால் தெரியாதவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள். ஆரம்பத்தில் பையனின் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். அவர் எழுதி முடிப்பதற்குள் நாம் ஊகித்துப் பதில் சொல்லிவிட்டால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். காத்திருந்து படித்துவிட்டுப் பேசுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு ஆள் வேண்டும். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பிப்பவர்களை டீ கொடுத்து அப்படியே அனுப்பிவிட வேண்டும், நோயாளி பக்கம் விடக்கூடாது. மூலிகை, மந்திரித்த விபூதி, மலை நாட்டு லேகியம் எல்லாம் வரும். விபூதி பூசட்டும், முனீஸ்வரருக்கு நேர்ந்துகொள்ளட்டும், அதெல்லாம் மனசுக்குத் தெம்பு. வாய்க்குள் போகிற லேகியத்தை மட்டும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். அதற்காக ஆபரேஷன் தேதியைத் தள்ளுவது இன்னும் மோசம். கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு நீட்டினால் அப்பா தொட்டுக் கும்பிட்டுவிட்டு வைத்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பணத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இங்கே அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருந்த நிலையில் தனியாரில்தான் ஆபரேஷன் செய்தோம், நகை போனது. உங்களுக்கு அரசுக் காப்பீடு இருந்தால் சேர்ப்பதற்கு முன்னாலேயே காகிதத்தை முடித்துவிடுங்கள், உள்ளே போன பிறகு ஓட ஆள் இருக்காது. போக்குவரத்து, சத்துமாவு, கட்டுத்துணி என்று பில்லில் வராத செலவு தனியாக ஒன்று ஓடும், அதற்கும் எடுத்து வையுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் போதும் என்று நின்றுவிடாதீர்கள். திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள்தான் வரும், அதனால் அந்தக் காலத்தில் அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள். மாமாவுக்கு அந்த இரண்டு வருடம் தாண்டிவிட்டது. இடையில் ஒருமுறை வெற்றிலை வாங்கிப் போட்டிருக்கிறார், வாசனையில் தெரிந்தது. அத்தை எதுவும் பேசாமல் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் அவரே சொல்லிவிட்டார்.

உங்கள் அப்பாவைப் பல் டாக்டரிடம் காட்டியாகிவிட்டதா என்று கேள்வியில் இல்லை. காட்டவில்லை என்றால் ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள், சாப்பாடு விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.