15 வாட்ஸ் போதுமா? டியூப் ஆம்ப் கேள்வி பதில்

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் டியூப் ஆம்ப் வாங்குவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாயை விட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய ரேடியோவில் ‘வால்வு’ என்று சொன்னதும் கிட்டார்க்காரர்கள் ‘டியூப்’ என்று சொல்வதும் ஒன்றுதான். நான் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்வேன். ஆம்ப் ரிப்பேர் என் தொழில். வாசிப்பு சுமார்.

கேள்வி: அண்ணா, அபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். மாதம் ஓரிரு முறை பேண்டோடு வாசிப்பேன். 15 வாட்ஸ் போதுமா, 50 வாட்ஸாவது வேண்டுமா? எங்கள் டிரம்மர் கொஞ்சம் முரட்டு ஆள்.

15 போதும். வீட்டுக்கு அதுவே அதிகம்.

வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி ஆவதில்லை. 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் வித்தியாசம் 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதாவது உங்கள் 15 வாட்ஸின் இரண்டு மடங்கு சத்தத்துக்கு 150 வாட்ஸ் ஆம்ப் தேட வேண்டியிருக்கும்.

ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சாம்ப் என்று ஒரு குட்டி ஆம்ப் உண்டு. 5 வாட்ஸ், ஒரே ஒரு 6வி6 வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர். ரிப்பேருக்கு வந்த ஒன்றை வீட்டு ஹாலில் வைத்து வால்யூமை முக்கால்வாசி திருப்பினேன். அடுக்களையில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று யாருக்கும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாதம் குழைந்துவிட்டது.

சின்னது வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. மெதுவாகத் தட்டினால் சுத்தமாகவும் அழுத்தி அடித்தால் கரகரப்பாகவும் வரும் அந்தச் சத்தத்துக்குத்தானே டியூப் ஆம்ப் வாங்குகிறீர்கள்? அது பெரும்பாலும் ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வுகள், அதாவது பவர் வால்வுகள், மூச்சு வாங்கும்போது வருவது. 100 வாட்ஸ் ஆம்பை வீட்டில் வால்யூம் ஒன்றில் வைத்து வாசித்தால் பவர் வால்வுகள் தூங்கிக்கொண்டிருக்கும். நாலு பெரிய வால்வுக்குக் காசு கொடுத்து அவற்றைத் தூங்க வைப்பானேன்?

முரட்டு டிரம்மருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அவரோடு கொஞ்சமும் கரகரப்பில்லாத க்ளீன் சத்தம் வேண்டுமென்றால் 15 திணறும். அப்போது 22 வாட்ஸ் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் மாதிரி ஒன்றைப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்கன் சவுண்டு, பிரிட்டிஷ் சவுண்டு என்கிறார்களே, உண்மையில் என்ன வித்தியாசம்? 6எல்6 வால்வு என்றால் அமெரிக்கன், ஈஎல்34 என்றால் பிரிட்டிஷ், சரிதானே?

பாதி சரி. எனக்குப் பிடித்த கதை இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1950-களின் கடைசியில் ஃபெண்டர் ‘பாஸ்மேன்’ என்று ஒரு ஆம்ப் செய்தது. பெயரில் பாஸ் (கீழ் ஸ்தாயி கிட்டார்) இருந்தாலும் கிட்டார்க்காரர்கள்தான் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். நாலு 10 அங்குல ஸ்பீக்கர், முதுகு திறந்த பெட்டி. லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார், அவரே டிரம்மர். அமெரிக்க ஆம்ப் இங்கிலாந்துக்கு வந்து சேரும்போது யானை விலை. சரி, நாமே செய்வோம் என்று 1962-ல் அவர் கடை ஆட்கள் பாஸ்மேனின் சர்க்யூட்டை அப்படியே எடுத்து ஒன்று செய்தார்கள். அதுதான் ஜேடிஎம்45, முதல் மார்ஷல்.

சர்க்யூட் ஏறக்குறைய அதேதான், ஆனால் சாமான் உள்ளூர்ச் சாமான். முதல் வால்வு பாஸ்மேனில் 12ஏஒய்7. இவர்கள் போட்டது ஈசிசி83, அதாவது 12ஏஎக்ஸ்7. முன்னதன் பெருக்கம் 45-ஐ ஒட்டி, பின்னதுக்கு 100. உள்ளே நுழையும்போதே சிக்னல் கொழுத்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வேறு. பவர் வால்வு கொஞ்ச காலத்தில் கேடி66 ஆகி, பிறகு ஈஎல்34 ஆனது. எல்லாவற்றுக்கும் மேலாக, 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர் நாலை முதுகு மூடிய பெட்டியில் அடைத்தார்கள். பிரிட்டிஷ் சவுண்டு என்று நாம் கொண்டாடுவது அமெரிக்கச் சமையல் குறிப்பை உள்ளூர் மளிகைக் கடைச் சாமானில் செய்தது.

அதனால் பவர் வால்வின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பொதுவாகச் சொல்வதென்றால், 1960-களின் ஃபெண்டர் சர்க்யூட்டில் நடு ஸ்வரங்கள் குழிந்திருக்கும். குமிழ்களை நடுவில் வைத்தாலும் குழி குழிதான். தனியாக வாசிக்கும்போது அழகு, பேண்டுக்குள் சில சமயம் காணாமல் போகும். மார்ஷலில் நடு முன்னால் தள்ளி வரும். வாக்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனியின் ஏசி30 மூன்றாவது சாதி: நாலு ஈஎல்84, வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பி அடக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக் கிடையாது, மேல் ஸ்தாயியில் மணி அடித்தது மாதிரி ஒரு பளபளப்பு. இந்த ஈஎல்84 வேறு யாருமில்லை, தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் ஸ்பீக்கரை ஓட்டிய அதே வால்வு.

கேள்வி: என் ஆம்ப் சத்தம் கொஞ்சம் கூர்மையாக, காதைக் குத்துகிற மாதிரி இருக்கிறது. பழைய ஸ்டாக் முல்லார்டு (அந்தக் கால பிரிட்டிஷ் கம்பெனி) வால்வுகள் போட்டால் சரியாகுமா? விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

தலை சுற்றட்டும், வாங்காதீர்கள். அந்தக் காசில் பாதிக்கு நல்ல ஸ்பீக்கர் கிடைக்கும்.

வால்வு மாற்றினால் வரும் வித்தியாசம் உண்மைதான். ஆனால் சாம்பாரில் பெருங்காயம் கூட்டிக் குறைப்பது போன்றது அது. ஸ்பீக்கர் மாற்றுவது பருப்பையே மாற்றுவது. செலஸ்டியனிலேயே இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். க்ரீன்பேக் 25 வாட்ஸ் தாங்கும், உணர்திறன் (ஒரே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) 98 டெசிபல். மேல் ஸ்தாயி மென்மை. வின்டேஜ் 30 பெயரில் 30 இருந்தாலும் தாங்குவது 60 வாட்ஸ், உணர்திறன் 100 டெசிபல். மேல் நடு ஸ்வரங்களில் முன்னால் வந்து நிற்கும். ஒரே ஆம்பில் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், வேறு ஆம்ப் என்றே சொல்வீர்கள். ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) மட்டும் பொருந்த வேண்டும்: ஆம்பில் 8 என்றால் ஸ்பீக்கரும் 8.

ஸ்பீக்கருக்கு இப்போது வழியில்லை என்றால் ஒரு மலிவான வேலை: முதல் 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றிவிட்டு 5751 போடுங்கள். பெருக்கம் 100-லிருந்து 70 ஆகும், ஆம்ப் சற்று சாந்தமாகும். முன்பகுதிச் சின்ன வால்வுகளை மாற்ற பயஸ் (வால்வு சும்மா இருக்கும்போது அதில் ஓடும் கரண்டின் அளவு) பார்க்க வேண்டியதில்லை. பவர் வால்வு அப்படியில்லை. பயஸ் தானாகச் சரியாகாத ‘ஃபிக்ஸட் பயஸ்’ ஆம்ப் என்றால் மாற்றியதும் தெரிந்தவரிடம் பயஸ் சரிபார்க்க வேண்டும்.

பழைய வால்வு மோகம் விடவில்லை என்றால் ரேடியோ ரிப்பேர்க் கடை அலமாரிகளைத் துழாவுங்கள். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த ஈசிசி83 எங்காவது அட்டைப் பெட்டியோடு தூங்கிக்கொண்டிருக்கலாம். ‘பெல்’ என்று அச்சிட்டிருக்கும்.

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறன். கனடாவில இருக்கிற மாமா தன்ர ஃபெண்டர் ஆம்பைக் கொண்டுவந்து தாறன் எண்டு சொல்லுறார். இஞ்ச கரண்ட் 230 வோல்ட். பிரச்சினை வருமோ?

வாங்கிக்கொள்ளுங்கள், மாமாவுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் நேராகச் செருகிவிடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் அதைச் செய்தேன். ஒருவர் கொண்டுவந்த ஆம்பின் பின்னால் ‘120 வோல்ட்’ என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் படிக்காமல் செருகி சுவிட்சைப் போட்டேன். ‘டப்’ என்று ஒரு சத்தம், ஃபியூஸ் கண்ணாடி உள்ளே கறுத்துவிட்டது. ஃபியூஸ் சரியான அளவில் இருந்ததால் பிழைத்தேன். யாராவது அதில் பெரிய ஃபியூஸோ செம்புக் கம்பியோ போட்டு வைத்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும்.

230-ஐ 120 ஆக இறக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அளவு பார்க்கும்போது ஆம்ப் இத்தனை ‘வாட்ஸ்’ என்ற கணக்கைப் பார்க்காதீர்கள், அது ஸ்பீக்கருக்குப் போவது. சுவரிலிருந்து இழுப்பது பல மடங்கு. வால்வுகளின் இழையைச் சூடாக்கவே நிறையப் போகிறது. நாலு ஈஎல்34 இழைக்கு மட்டும் கிட்டத்தட்ட 38 வாட்ஸ். ஆம்பின் பின்புறம் பவர் வயர் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, அதைவிட ஒன்றரை மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள்.

அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ‘50/60’ என்று போட்டிருந்தால் கவலை இல்லை. 60 மட்டும் என்றால் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். அரை மணி நேரம் ஓட்டி, அணைத்து, கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிக்கொள்வதே நல்லது.

மூன்றாவது பின்னை யாரும் வெட்ட விடாதீர்கள். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் ஓட்டுவது விளையாட்டில்லை. கிட்டார்க் கம்பி உங்கள் விரலில், மைக் உங்கள் உதட்டில். ஸ்டெப் டவுன் பெட்டியிலும் எர்த் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் ஆம்ப் ‘ஜ்ர்ர்’ என்று இரைகிறது. ஆம்ப் போய்விட்டதா?

ஆம்ப் நன்றாக இருக்கிறது. உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் என்றால் இந்த இரைச்சல் வராது. கரண்ட் வரும்வரை அகூஸ்டிக் வாசியுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் டியூப் ஆம்ப் பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

உங்கள் கிட்டார், உங்கள் கேபிள், ஒரு பென்சில். இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் கேபிளைச் செருகாமல் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். லேசான ‘ஸ்ஸ்’ இயல்பு. கனமான ‘ம்ம்ம்’ வந்து, வால்யூமைக் குறைத்தாலும் குறையவில்லை என்றால் கரண்டின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயசாகியிருக்கலாம். மாற்றிவிடலாம், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பிறகு பின்பக்கம் போய் வால்வுகளைப் பாருங்கள். உள்ளே ஆரஞ்சு இழை, சரி. கண்ணாடியில் மெல்லிய நீல ஒளி, பயப்பட வேண்டாம், அதுவும் சரி. ஆனால் பவர் வால்வின் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடே சிவந்து வந்தால் உடனே அணையுங்கள். வால்வோ பயஸோ கெட்டிருக்கிறது.

இப்போது பென்சில். வால்யூமைப் பாதியில் வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு சின்ன வால்வையும் மெதுவாகத் தட்டுங்கள். மெல்லிய ‘டொக்’ வரலாம். டம்ளரைத் தட்டியதுபோல ‘டிங்ங்’ என்று நீண்டால் அந்த வால்வு மைக்ரோபோனிக் ஆகிவிட்டது, அதாவது மைக் மாதிரி அதிர்வைச் சத்தமாக்குகிறது. ஒரு 12ஏஎக்ஸ்7 விலையோடு முடிகிற விஷயம். கடைசியாக ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருப்புங்கள். கரகரத்தால் தூசி, பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும்.

பெட்டியைத் திறந்து உள்ளே மட்டும் கை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம்.

கேள்வி: சர்ச்சில் வாசிக்கிறேன். 40 வாட்ஸ் டியூப் ஆம்ப் வாங்கினேன். சத்தத்தைக் குறை என்று பாஸ்டர் ஒவ்வொரு வாரமும் சொல்கிறார். குறைத்தால் டோன் போய்விடுகிறது.

பாஸ்டர் பக்கம்தான் நான். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் காதுக்கு நேராக ஸ்பீக்கர் இருக்கும், உங்களுக்கோ அது முழங்காலில்தான் கேட்கும். ஆம்பை நாற்காலி மேல் சாய்த்து உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். நீங்களாகவே வால்யூமைக் குறைத்துவிடுவீர்கள். ஒரு எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் வலைக்கு இரண்டு விரல் தள்ளி, நட்டநடுவில் இல்லாமல் சற்று ஓரமாக வையுங்கள். கூட்டத்துக்குக் கொண்டுபோவது சவுண்டுக்காரர் வேலை.

அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சத்தத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் போடலாம். இல்லை, அந்த இடத்துக்கு, ஆம்ப் சத்தத்தை டிஜிட்டலில் போலச் செய்யும் மாடலர்தான் சரி என்றால் அதையே வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 1975-லிருந்து ரோலண்ட் ஜேசி-120 என்று ஒன்று வருகிறது, வால்வே கிடையாது. க்ளீன் சத்தத்துக்கு அதைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) மட்டும் இருக்கிறது, கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) இன்னும் வாங்கவில்லை. சும்மா ஆன் செய்து பார்க்கலாமா?

கூடாது. ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக ஆம்பின் சக்தியைத் தாங்கும் லோட் பாக்ஸோ இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும். ஆம்பிலேயே விலை கூடிய சாமான்களில் அது ஒன்று. லோட் உள்ளே இருக்கிறது என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

கேள்வி: சார், இவ்வளவும் படித்தேன். குழப்பம்தான் கூடியது. ஒரே ஒரு ஆம்ப் பெயர் சொல்லுங்கள், வாங்கிவிடுகிறேன்.

பெயர் கேட்டே தீருவேன் என்றால் வாக்ஸ் ஏசி15. க்ளீன் உண்டு, கரகரப்பு உண்டு, காலால் மிதிக்கும் எஃபெக்ட் பெடல் போட்டாலும் முகம் சுளிக்காது. ஆனால் கடைக்குப் போய் இந்தச் சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்.

பெடல் எதுவும் வேண்டாம், ரிவர்பை (எதிரொலி) அணைத்துவிடுங்கள். கிட்டார் வால்யூம் 10. ஆம்பை, அழுத்தி அடித்தால் சத்தம் உடையத் தொடங்கும் இடம்வரை ஏற்றுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. ஒரு ஈ மேஜர் அடித்துவிட்டு ஆம்பைத் தொடாமல் கிட்டார் வால்யூமை மட்டும் 5-க்கு இறக்கி மறுபடி அடியுங்கள். நல்ல ஆம்பில் கரகரப்பு உதிர்ந்து சுத்தமான சத்தம் நிற்கும், உயிர் போகாது. ஏசி30-ஐ முழுக்கத் திறந்து வைத்துவிட்டு குவீன் இசைக்குழுவின் பிரையன் மே கிட்டார்க் குமிழிலேயே எல்லாவற்றையும் செய்வது இப்படித்தான். சத்தம் மந்தமாகி, போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தால் அடுத்த ஆம்பில் கேபிளைச் செருகுங்கள்.