எம்பிஏவும் வீட்டுப் பத்திரமும்

வணக்கம் சார்,

சொந்த ஊர் கரூர். சென்னையில் நாலு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கைக்கு 48,000 வருகிறது. வேலை அலுத்துவிட்டது. எனக்கு மேலே இருப்பவர்களில் பாதிப் பேர் எம்பிஏ. போன நவம்பரில் ஐஐஎம் போன்ற கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு கேட் (CAT) எழுதியதில் 86 பெர்சன்டைல். புனேயில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 19 லட்சம். படித்து முடிப்பவர்களுக்குச் சராசரி வருடச் சம்பளம் 11 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். வங்கியில் ஈடு கேட்கிறார்கள். அப்பா திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். "வீட்டுப் பத்திரத்தை வைச்சுக்கலாம் பாப்பா, நீ படி" என்கிறார். நீங்கள் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். போகலாமா?

கே.

அன்புள்ள கே.,

வேண்டாம். எம்பிஏவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் கல்லூரியில், இந்தக் கடனை வாங்கிச் சேர வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்களே ஒரு பதிலை எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? வங்கி ஈடு கேட்கிறது. வழக்கமான கல்விக் கடனில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து கேட்பார்கள். ஆனால் அகமதாபாத், கல்கத்தா, பெங்களூர் ஐஐஎம்களில் இடம் கிடைத்தவர் வந்தால், அதைவிடப் பல மடங்கு தொகையை ஈடே இல்லாமல் கொடுப்போம். ஸ்டேட் வங்கியின் ஸ்காலர் லோன் அப்படிப்பட்ட ஒரு திட்டம்தான். அதற்கென்று கல்லூரிப் பட்டியல் உண்டு. படித்தவன் சம்பாதித்து அடைத்துவிடுவான் என்று வங்கி நம்புகிற கல்லூரிகள் அதில் இருக்கும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில்தான் பத்திரம் கேட்கிறோம். தேசியத் தரவரிசை, பத்திரிகைத் தரவரிசை எல்லாவற்றையும் விட நான் மதிப்பது இந்தப் பட்டியலைத்தான். சொந்தப் பணத்தை வைத்துப் போட்ட பட்டியல் அது.

சரி, கணக்குக்கு வருவோம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் இரண்டு வருடமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வருடத் தொடக்கத்தில் பாதிப் பாதியாகப் பணத்தை எடுத்தால், தவணை ஆரம்பிக்கிற அன்று 19 லட்சம் 23.75 லட்சமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 31,400 ரூபாய். அந்த 11 லட்சம் சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை. கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, கொடுத்தால் உண்டு என்கிற வேரியபிள் எல்லாம் அதற்குள் அடக்கம். கைக்கு மாதம் 70,000 வந்தால், தவணை போக மிச்சம் 38,600. இன்றைக்கே 48,000 வாங்குகிறீர்கள். இரண்டு வருடம் விட்டுக்கொடுக்கும் சம்பளம் பதினொன்றரை லட்சத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அந்த 11 லட்சமும் சராசரி. ஒன்பது பேருக்கு 8 லட்சம், ஒருவருக்கு 40 லட்சம் என்றாலும் சராசரி 11.2 வந்துவிடும். நடுவில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். மொத்த வகுப்பில் எத்தனை பேரைக் கணக்கில் எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். கேம்பஸ் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களை விட்டுவிடுவது வழக்கம். அவர்களில் எத்தனை பேர் தாங்களாக எழுதிக் கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

நான் கையெழுத்துப் போட்ட ஒரு கடன் ஞாபகம் வருகிறது. பையனுக்கு வெளி மாநிலத்தில் எம்பிஏ, அப்பாவுக்கு மளிகைக் கடை. காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. படித்து முடித்த பையனுக்குக் கிடைத்தது கிரெடிட் கார்டு விற்கும் வேலை. பக்கத்து மேசையில் பி.காம் படித்தவர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். எட்டு மாதத்தில் விட்டுவிட்டான். அதற்குப் பிறகு தவணை கட்ட வந்தது அப்பாதான், நோட்டும் சில்லறையுமாக, கடைப் பணம். என்னைப் பார்த்தால் எழுந்து கும்பிடுவார். நான் கவுண்டருக்குப் பின்னால் போய்விடுவேன்.

எம்பிஏ இல்லாமல் போக முடியாத வேலைகள் உண்டுதான். பெரிய கன்சல்டிங் நிறுவனங்களும், நுகர்பொருள் கம்பெனிகளின் மேனேஜ்மெண்ட் டிரெய்னி வேலைகளும் ஒரு சில கேம்பஸ்களுக்குத்தான் வரும். அந்தக் கேம்பஸ் ஒன்றில் இடம் கிடைத்தால் 25 லட்சம் கடன் வாங்கியாவது போங்கள் என்பேன். டெல்லி எஃப்எம்எஸ், மும்பை ஜம்னாலால் பஜாஜ் போன்ற பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இதைவிட மிகக் குறைந்த செலவில் படிக்கலாம். உங்கள் 86 பெர்சன்டைல் அங்கே போதாது. இங்கேயே தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வராது. வேலையை விடாமல் படிக்க வேண்டுமென்றால் திருச்சி ஐஐஎம் சென்னையில் வார இறுதி வகுப்பு நடத்துகிறது.

அப்புறம் அந்த அலுப்பு. டெஸ்டிங் அலுத்துவிட்டதா, இப்போதைய டீம் அலுத்துவிட்டதா? டீம்தான் என்றால் கம்பெனி மாறிப் பாருங்கள், ஒரு பைசா செலவில்லை. மேலே இருப்பவர்களில் பாதிப் பேர் எம்பிஏ என்றால் மீதிப் பாதி? அவர்களில் ஒருவரைக் காபிக்குக் கூப்பிட்டு எப்படி மேலே வந்தார் என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகும் புனேதான் என்று மனது சொன்னால், லிங்க்ட்இன்னில் அந்தக் கல்லூரியில் மூன்று வருடத்துக்கு முன் முடித்தவர்கள் நாலு பேரைத் தேடிப் பிடியுங்கள். கல்லூரி பேசச் சொல்லிக் கொடுக்கும் ஆட்கள் வேண்டாம், நீங்களே தேடுங்கள். இப்போது என்ன வேலை, அது எம்பிஏ இல்லாமல் கிடைத்திருக்குமா, கடன் எவ்வளவு பாக்கி? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை கல்லூரிக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.