காத்தாடிச் சத்தம் குறையணும், யூனிட் குறையக் கூடாது: கேள்வி பதில்

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பணகுடியிலிருந்து: அண்ணாச்சி, ராத்திரி படுத்தால் "வூஷ்... வூஷ்..." என்று கேட்கிறது. பகலில் இவ்வளவு இல்லையே?

அது இறக்கையின் சத்தம். காற்று பின்விளிம்பை, அதாவது இறக்கையின் மெல்லிய பின் ஓரத்தை, தாண்டிப் பிரியும்போது எழுவது. ராத்திரியில் தரையோரக் காற்று அடங்கிவிடும், 80 மீட்டர் உயரத்தில் அடங்காது. முற்றத்துப் பனையோலை அசையாமல் நிற்கும், மேலே காத்தாடி முழு வேகத்தில் ஓடும். சத்தத்தை அமுக்க வேறு ஓசையும் இருக்காது.

ஒரு மாணவர்: சுற்றும் வேகத்தைக் குறைத்தால் போதாதா சார்?

சத்தம் குறையும். இறக்கை நுனி வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் ஒலி ஆற்றல் ஏறுகிறது. வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே 2 டெசிபலுக்குச் சற்று மேல் இறங்கும். ஆனால் யூனிட்டும் போகும். மே முதல் செப்டம்பர் வரை சீசன் காற்றில் யார் சம்மதிப்பார்கள்? பலத்த காற்றில் டார்க்கை (தண்டைத் திருகும் விசையை) கூட்டி மின்சாரத்தை ஈடுகட்டலாம், அந்தச் சுமை கியர்பாக்ஸ் தலையில் விழும். காற்று ஊர்ப்பக்கம் அடிக்கும் ராத்திரிகளில் மட்டும் வேகத்தைக் குறைப்பதுதான் நியாயம்.

கயத்தாறு, காற்றாலை உரிமையாளர்: இறக்கையில் ரம்பப் பல் மாதிரி பட்டை ஒட்டச் சொல்கிறார்கள். செலவுக்குத் தகுமா?

தகும். ஆந்தை இறகைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். நுனிதான் வேகமாகப் போகிறது, அதனால் இறக்கையின் வெளிப்பகுதியில் பின்விளிம்பில் ஒட்டினால் போதும். பொதுவாக 2, 3 டெசிபல் குறையும். உற்பத்தியில் கை வைக்காது. 3 டெசிபல் என்றால் ஒலி ஆற்றல் பாதி. காதுக்குப் பாதியாகத் தோன்றாது, லேசாகத்தான் தெரியும். இதை ஊர்க்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டை கோணலாக ஒட்டினால் அதுவே புதுச் சத்தம் போடும்.

ராதாபுரத்திலிருந்து: எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு காத்தாடி மட்டும் விசில் அடிக்கிறது.

எனக்குப் பிடித்த கேள்வி இது! கீழே நின்று எண்ணுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு விசில் என்றால் மூன்று இறக்கையில் ஒன்றில்தான் கோளாறு. மின்னல் போட்ட ஓட்டையாக இருக்கலாம், மணலும் மழையும் அரித்த முன்விளிம்பாகவும் இருக்கலாம். ஒரு தடவை கயிறு கட்டி இறங்கிப் பார்த்தோம்: முன்விளிம்பு டேப் உள்ளங்கை அளவுக்கு உரிந்து படபடத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். புது டேப் ஒட்டினோம், விசில் நின்றது. முன்விளிம்பு சொரசொரப்பானால் யூனிட்டும் குறையும், அதனால் இந்த வேலையில் ஊருக்கும் உரிமையாளருக்கும் லாபம். பட்டை, வேகக் குறைப்பு எல்லாம் அப்புறம்; முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே அன்பர்: சட்டப்படி எவ்வளவு சத்தம் இருக்கலாம்?

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. அளந்தால் ராத்திரியில் அளக்கச் சொல்லுங்கள்.