வேலும் சுத்தியலும்: சித்திரக்கதை கேள்வி பதில்

புராண நாயகர்களைச் சூப்பர் ஹீரோக்களாக வரைய விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்கே இந்த இதழில் இடம் முழுவதும்.

முருகனை அமெரிக்க காமிக்ஸ் பாணியில் வரைகிறேன். பன்னிரண்டு கையையும் போட்டதும் நண்டு மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?
*பதினொன்றாம் வகுப்பு மாணவர், குடியாத்தம்*

பன்னிரண்டு கையையும் ஒரே தோள் மூட்டில் கொண்டுபோய்ச் சொருகுவதால் வரும் கோளாறு இது, தம்பி. முதலில் இரண்டு கையுள்ள உடம்பை முழுசாக வரைந்து முடியுங்கள். மீதிப் பத்துக் கைகளும் தோளுக்குப் பின்னாலிருந்து வருபவை. அவற்றின் மேற்கைப் பகுதி பெரும்பாலும் மறைந்தே இருக்கும். தோளை மையமாக வைத்துப் பக்கத்துக்கு ஒரு வில் கோடு போட்டு, அதில் ஐந்து முழங்கைகளுக்குப் புள்ளி வையுங்கள். தோள் மட்டத்துக்கு மேலே 60 டிகிரியில் தொடங்கி, 30 டிகிரிக்கு ஒன்றாக, கீழே 60 டிகிரி வரை வந்தால் ஐந்தும் அடங்கிவிடும். முழங்கைகள்தான் ஒழுங்காக நிற்க வேண்டும். முன்கைகள் இஷ்டப்படி திரும்பலாம். திரும்பினால்தான் உயிர் வரும். முன்னால் உள்ள இரண்டு கைகளுக்கு 0.8 மி.மீ. பேனா, பின்னால் உள்ள பத்துக்கு 0.3. இந்தக் கோட்டு வித்தியாசத்திலேயே பாதிக் குழப்பம் தீரும்.

எந்தக் கையில் எதைக் கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு கை வானில் செல்லும் முனிவர்களைக் காக்க உயர்கிறது, அதன் இணை இடுப்பில் இருக்கிறது. ஒன்று தொடைமேல், இணை அங்குசத்தால் யானையைச் செலுத்துகிறது. இரண்டு கைகள் கேடயத்தையும் வேலையும் சுழற்றுகின்றன. ஒன்று மார்பில், இணை மாலையோடு. ஒன்று தொடி சரியச் சுழல்கிறது, இணை மணியை ஒலிக்கச் செய்கிறது. ஒன்று மழை பொழிவிக்க, இணை வானமகளிருக்கு மணமாலை சூட்டுகிறது. எத்தனை கைகள் சும்மா இருக்கின்றன என்று கவனியுங்கள். பன்னிரண்டிலும் ஆயுதம் திணித்தால் பார்ப்பவன் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். மூன்று நான்கு கைகள் ஓய்வாக இருந்தால்தான் வேல் பிடித்த கை எடுப்பாகத் தெரியும்.

பன்னிரண்டும் தெரிய வேண்டியது முழுப்பக்கப் படத்தில் மட்டும்தான். சண்டைக் கட்டங்களில் நான்கு போதும். மற்றவற்றை மயில் தோகையும் கட்டத்தின் விளிம்பும் மறைக்கட்டும்.

தோர் உண்மையிலேயே கடவுளா, காமிக்ஸ் பாத்திரமா? அவரைத் தமிழில் நான் வரையலாமா?
*வாசகர், காட்பாடி*

இரண்டும்தான். வடஐரோப்பியர் வணங்கிய இடிக் கடவுள் அவர். அவர் கதைகளைப் 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்நோரி ஸ்டுர்லுசன் தொகுத்து எழுதினார். மார்வெல் காமிக்ஸில் அவர் நுழைந்தது 1962-இல். ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கர்பி மூவரின் கைவண்ணம் அது.

பழங்கதைத் தோருக்குச் செந்தாடி, மார்வெல் தோருக்குப் பொன்னிற முடி. பழங்கதையில் சுத்தியலின் காம்பு குட்டை. குள்ளர்கள் அதை அடிக்கும்போது குறும்புக்காரனான லோகி ஈ வடிவில் வந்து கொல்லனின் கண்ணிமையைக் கடித்ததால் வந்த குறை அது. சுத்தியலைப் பிடிக்க இரும்புக் கையுறை வேண்டும், பலத்தை இரட்டிப்பாக்கும் இடுப்புக் கச்சையும் உண்டு. தகுதியுள்ளவன்தான் தூக்க முடியும் என்பது காமிக்ஸ்காரர்கள் சேர்த்தது. லோகி வளர்ப்புத் தம்பி என்பதும் அப்படியே. மூலத்தில் அவன் தோரின் தந்தையான ஓடின் என்ற கடவுளோடு ரத்தச் சகோதர ஒப்பந்தம் செய்தவன்.

ஆகவே செந்தாடி, குட்டைக் காம்பு, ஆட்டுக்கிடாய்கள் இழுக்கும் தேர் என்று நீங்கள் வரைந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. மார்வெலின் உடை, மார்பிலுள்ள வட்டத் தகடுகள், சுத்தியலில் பொறித்த வாசகம் இவை நிறுவனத்தின் சொத்து, தொடாதீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி படைப்பாளி இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. காலண்டர் சாமி படங்களை அப்படியே பார்த்து வரையும்போதும் இது நினைவிருக்கட்டும்.

சூப்பர்மேனைப் போல நம் சாமிகளுக்கு ரகசிய அடையாளம் உண்டா?
*வாசகி, வாலாஜாபேட்டை*

வள்ளிமலை உங்களுக்குப் பக்கம்தானே! தினைப்புனத்துக்கு வேடனாக வந்து, ஆள் வரும் சத்தம் கேட்டு வேங்கை மரமாக நின்று, கடைசியில் கிழவராகத் தேனும் தினைமாவும் கேட்டவர் முருகன். மார்வெல் தோருக்கும் 1962-இல் கைத்தடி ஊன்றும் மருத்துவர் வேடம்தான் கொடுத்தார்கள். வரையும்போது ஒரே ஓர் அடையாளத்தை மூன்று வேடத்திலும் விடாமல் வையுங்கள். புருவ வளைவோ காதணியோ போதும். வள்ளிக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

எல்லாம் வல்ல தெய்வத்துக்குத் தோல்வியே இல்லையே, கதையில் விறுவிறுப்பு எப்படி வரும்?
*கல்லூரி மாணவர், ஆற்காடு*

புராணம் விறுவிறுப்பை வைத்திருக்கும் இடம் வரமும் சாபமும். கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். கவச குண்டலம் இருக்கும்வரை அவனைக் கொல்ல முடியாது, அதை அவனே தானம் கொடுக்கிறான். பதிலுக்குக் கிடைத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். அர்ஜுனனுக்காகப் பத்திரப்படுத்தியதைக் கடோத்கசன்மேல் விட வேண்டியதாகிறது. தேவையான நேரத்தில் அஸ்திர மந்திரம் மறந்துபோகும் என்பது பரசுராமர் சாபம். தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் என்பது இன்னொரு சாபம். இத்தனை நிபந்தனைகளோடு ஒரு நாயகன் எந்த நாட்டு காமிக்ஸிலும் அபூர்வம். நிபந்தனையை முதல் நான்கு பக்கத்துக்குள் வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் ஏமாற்று வேலையாகத் தெரியும்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தை விடிய விடியப் பாருங்கள். இரண்டு பேர் திரை பிடிக்க, உள்ளேயிருந்து பாட்டு மட்டும் வரும். பிறகு கிரீடத்தின் நுனி, அப்புறம் தோளில் கட்டும் புஜக்கட்டையின் கண்ணாடிச் சில்லு மினுக்கம், கடைசியில் முகம். நாயகன் அறிமுகத்துக்கு மூன்று கட்டங்கள் அதிலேயே தயாராக இருக்கின்றன. ‘கர்ண மோட்சம்’ போட்டால் தவறவிடாதீர்கள். களத்துக்குப் போகும் முன் மனைவி பொன்னுருவியோடு கர்ணன் படும் பாடு, எந்தச் சண்டைக் காட்சிக்கும் குறைந்ததில்லை. உடல் திமிரும் நிலைகளைப் பழக, வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம் போதும். முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் தூணின் பக்கவாட்டில் நின்று வரையுங்கள். நேர் எதிரில் நின்றால் பாய்ச்சல் தெரியாது.

கணினியில் வசனம் போட்டால் ‘கொ’ உடைந்து கொம்பு தனியாக நிற்கிறது. அச்சில் கண்ணன் நீலம் ஊதாவாகிவிட்டது.
*ஓவியர், ஆரணி*

கொம்பு உடைவதற்குக் காரணம் எழுத்துரு அல்ல. போட்டோஷாப்பின் எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்குங்கள். இலவசமான இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையே இல்லை. அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே வேறு எழுத்துரு ஏறிக்கொள்ளும். ஏ3 தாளில் வரைந்து ஏ4-இல் அச்சிட்டால் அளவு 71 சதவீதமாகக் குறையும். அச்சில் எழுத்தின் அளவு 10 புள்ளி வேண்டுமானால் மூலத்தில் 14 போடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், ஆகவே வசனத்தை முதலில் வைத்து, ஊதுகுமிழ் வரைந்து, அதற்குப் பிறகுதான் ஆளை வரைய வேண்டும்.

அச்சு மைகளில் சயான் என்பது பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்பது ஊதா கலந்த சிவப்பு. நீலத்தில் இவை இரண்டின் அளவும் நெருங்கினால் ஊதாதான் வரும். மெஜந்தாவின் சதவீதம் சயானைவிடக் குறைந்தது 30 கீழே இருக்கட்டும். சயான் 70, மெஜந்தா 35 என்று தொடங்கிப் பாருங்கள். வசனத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும். நான்கு மையையும் கலந்தால் சற்று விலகினாலும் எழுத்து மங்கும்.

பழைய காமிக்ஸ்களில் பூச்சி. வேலூர் வெயிலுக்குத் தாளும் பழுப்பாகிறது.
*சேகரிப்பாளர், வேலூர்*

செய்தித்தாள் ரகத் தாளில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கிறது, வெளிச்சமும் சூடும் பட்டால் பழுப்பாகும். மேற்குச் சுவரை ஒட்டிய பீரோ கூடாது. பிவிசி உறை மையை ஒட்டி இழுக்கும், பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். துருப்பிடித்த பின்னை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி எடுத்து, அதே ஓட்டையில் பருத்தி நூல் கோத்துக் கட்டலாம். செல்லோடேப் மட்டும் வேண்டாம், அதன் பசை தாளில் இறங்கிக் கறையாகும்.

இராமபாணப் பூச்சிக்கு மருந்து அடிக்காதீர்கள். இதழ்களைக் காற்று போகாத கவரில் போட்டு, உள்காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கக் கவரைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படிந்துவிடும்.